ஜெய்ப்பூர் காலும் சுதா சந்திரனும்

பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் காயமடைந்தார். காயத்தில் அழுகல் ஏற்பட்டதால் அவரது வலது கால் அகற்றப்பட்டது.

பரதநாட்டியம் வெறுங்காலால் தரையைத் தட்டி ஆடப்படுவது. அரைமண்டி அதன் அடிப்படை நிலை. அக்காலத்து மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் காலணியுடன் நடப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. வெறுங்காலுடன் நடப்பதற்கும் தரையில் குந்துவதற்கும் ஏற்ற இரப்பர் பாதத்தை, 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கியிருந்தனர். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

ஜெய்ப்பூர் கால் பொருத்தப்பட்ட சுதா, முதலில் நடக்கவும் பின்னர் ஆடவும் பயின்று, 1984-இல் மீண்டும் மேடையேறினார். அவரது வாழ்க்கையைத் தழுவி 1985-இல் வெளியான ‘மயூரி’ தெலுங்குத் திரைப்படத்தில் அவரே நடித்தார். அதற்காகத் தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றார்.