வயிற்றைச் சுருக்கினால் பசி சுருங்குமா?

எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதல் சில வாரங்களில் சொல்வது ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும். ஒருவர், பசி என்பதே மறந்துவிட்டது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் சூப்பு குடிக்கிறேன் என்பார். அதே அறுவையைச் செய்துகொண்ட இன்னொருவர், வயிறு பிடுங்கித் தின்கிறது, இரவில் தூக்கமில்லை என்பார். இந்த இரண்டாமவருக்கு மன உறுதி போதவில்லை என்று வீட்டில் உள்ளவர்களே நினைப்பதுண்டு. நூறாண்டு கால மருத்துவ வரலாறு அந்த நினைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

காலியான வயிறு இறுகுவதால் எழும் உணர்வே பசி என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுவாக இருந்தது. ஹார்வர்டில் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் அதற்குச் சான்று தேடினார்கள். மெல்லிய குழாயில் பொருத்திய ரப்பர் பலூனை வாஷ்பர்ன் விழுங்குவார். அது இரைப்பைக்குள் போனதும் காற்றை நிரப்புவார்கள். இரைப்பை இறுகும்போதெல்லாம் பலூன் நசுங்கும். பதிவுக் கருவியில் கோடு மேலேறும். பசி உறைக்கும்போது வாஷ்பர்ன் தனியாக ஒரு விசையை அழுத்துவார். இரண்டு பதிவுகளும் பொருந்தி வந்தன. 1912இல் முடிவை வெளியிட்டார்கள். பசியின் இருப்பிடம் வயிறுதான் என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டன.

ஆனால் வயிறே இல்லாதவர்கள் அப்போதே உலகில் இருந்தார்கள். 1897இல் சூரிச் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்ற மருத்துவர், புற்றுநோய் தாக்கிய ஒரு பெண்ணின் இரைப்பையை முழுவதுமாக அகற்றி, உணவுக்குழாயை நேரே சிறுகுடலோடு இணைத்திருந்தார். அந்தப் பெண் அதன்பின் ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார். இப்படி இரைப்பையை முற்றிலும் இழந்த வேறொரு நோயாளியைப் பற்றி 1931இல் ஓவன் வாங்கன்ஸ்டீனும் ஆன்டன் கார்ல்சனும் எழுதினார்கள். முன்னவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர். பின்னவர் பசியைப் பற்றித் தனி நூலே எழுதிய சிகாகோ உடலியல் அறிஞர். அவர்கள் கண்டது இதுதான்: இறுகுவதற்கு வயிறு இல்லாத அந்த மனிதருக்கும் பசித்தது.

பசியின் இன்னொரு முகமும் அதே மின்னசோட்டாவில்தான் பதிவானது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினி ஆய்வுக்குத் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்கள், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. உடல் எடையில் கால்வாசி கரைந்தது. நல்ல உடல்நலமும் மனநலமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள், தட்டை வழித்து நக்கினார்கள், ஓயாமல் சூயிங்கம் மென்றார்கள். கனவிலும் சாப்பாடுதான் வந்தது. மறுபடி நிறையச் சாப்பிட விட்டபோதும், வயிறு புடைத்திருக்கையிலேயே இன்னும் பசிக்கிறது என்றார்கள் சிலர். கீஸ் இதையெல்லாம் 1950இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அவர்களை மன உறுதி இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இரைப்பை அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு முதல் சில வாரங்களில் கிடைப்பது பெரும்பாலும் அந்த 1,570 கலோரியில் பாதிகூட இருக்காது. அப்படியானால் எல்லோரும் அந்த இளைஞர்களைப் போல வாட வேண்டும். பலர் வாடுவதில்லை. ஏன் என்ற கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

தொடக்கத்தில் அறுவை மருத்துவர்கள் பசியைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. 1954இல் மின்னசோட்டாவின் கிரெமென், லின்னர், நெல்சன் மூவரும் நாய்களிடம் செய்த குடல் ஆய்வுகளை வெளியிட்டனர். அந்த வழியில் வளர்ந்த குடல் பைபாஸ் முறையில், ஆறு மீட்டர் அளவுள்ள சிறுகுடலில் சுமார் 45 செ.மீ. மட்டும் உணவு போகும் பாதையாக விடப்பட்டது. சாப்பிடுவது உடலில் சேராமல் போகட்டும் என்பதே கணக்கு. எடை குறைந்தது, கூடவே தீராத வயிற்றுப்போக்கும் சிறுநீரகக் கல்லும் சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பும் வந்தன. பலருக்கு அந்த அறுவையைத் திரும்பப் பிரித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்த வரலாற்றின் மிக வருத்தமான பக்கம் இது.

வாங்கன்ஸ்டீனிடம் பயின்று அயோவாவுக்குத் திரும்பிய எட்வர்ட் மேசன் வேறொன்றைக் கவனித்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த பெண்களுக்கு எடை கூடவே மறுத்தது. அதை வைத்துத்தான் 1966இல் சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து, இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். இந்தத் துறையின் தந்தை என்று போற்றப்பட்ட அவர் 2020இல் தம் நூறாவது வயதில் மறைந்தார்.

சிறிய பை, சீக்கிரம் நிறையும், குறைவாக உண்பார்கள்: நெடுங்காலம் விளக்கம் இவ்வளவுதான். கொள்ளளவைக் கட்டுப்படுத்தினால் போதும் என்ற அதே நம்பிக்கையில் 1970களில் சிலருக்குத் தாடைகளைக் கம்பியால் கட்டினார்கள். கம்பியை அவிழ்த்ததும் எடை திரும்பியது. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரைப்பை பலூனும் உணவுக் கட்டுப்பாட்டைவிட மேலான பலன் தரவில்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டின. இடத்தை அடைத்ததால் மட்டும் பசி அடங்கிவிடவில்லை.

திருப்பம் ஜப்பானிலிருந்து வந்தது. 1999இல் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையில் சுரந்து மூளைக்குப் பசியை அறிவிக்கும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டறிந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் சியாட்டிலின் டேவிட் கம்மிங்ஸ் குழு அதை நோயாளிகளிடம் அளந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் 17 விழுக்காடு எடை குறைத்தவர்களுக்குக் கிரெலின் 24 விழுக்காடு ஏறியிருந்தது. உடல் இழந்ததைத் திரும்பக் கேட்டது. பைபாஸ் செய்தவர்களுக்கோ, இயல்பான எடை உள்ளவர்களைவிட 77 விழுக்காடு குறைவு. அளந்த பைபாஸ் நோயாளிகள் ஐந்தே பேர்தான். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவுமில்லை. ஆனாலும் பார்வை வயிற்றின் கொள்ளளவிலிருந்து ரத்தத்துக்குத் திரும்பிவிட்டது. உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்கு விரைவாகப் போய்ச் சேரும்போது ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள் பொங்கி வந்து ‘போதும்’ என்று சொல்வதை லண்டனில் கரெல் லெ ரூ குழுவினர் காட்டினார்கள். அவற்றின் சுரப்பை மருந்தால் தடுத்தபோது பைபாஸ் நோயாளிகள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இன்று அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்படுகிறது. கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேல்முகடும் அதோடு போய்விடும். மிக அதிக எடையால் நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு முதல் கட்டமாக மட்டும் செய்யப்பட்டது இது. இரண்டாம் கட்டத்துக்கு அவசியமே இல்லாமல் பலருக்கு எடை இறங்கியதால் தனிச் சிகிச்சையாக நிலைபெற்றது.

பிறகும் சிலருக்கு ஏன் பசிக்கிறது? வெட்டுப்பட்ட இரைப்பையில் அமிலம் சுரந்து எரிவது பசியைப் போலவே தோன்றும். அதனால்தான் முதல் மாதங்களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாததால் தாகமும் பசியாகத் தெரியும். கிரெலினைச் சிறுகுடலும் கொஞ்சம் சுரக்கிறது. இதற்கெல்லாம் மேல், வேளாவேளைக்குத் தட்டின் முன் உட்கார்ந்து பழகிய மனம் இருக்கிறது. சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தால் நாக்கு கேட்கத்தான் செய்யும். மெல்லுவதற்கு எதுவும் இல்லாத திரவ உணவு நாட்களில் அது இன்னும் கூடும்.

நம் ஊரில் இந்த நாட்களை மோர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப்பு, புரதப் பானம் என்று கடத்துகிறார்கள். பல மருத்துவக் குழுக்கள் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும், மிடறு மிடறாக ஒன்றரை லிட்டர் திரவமும் கேட்கின்றன. சர்க்கரைப் பானத்தால் பசியை ஆற்ற முயன்றால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, அது குடலுக்குள் வேகமாக இறங்கி வியர்வையும் படபடப்பும் மயக்கமும் வரலாம். பசி தாங்காமல் கெட்டி உணவுக்கு முன்கூட்டியே தாவினால் தையலுக்கும் ஆபத்து. பசியே இல்லாதவருக்கும் கவலை உண்டு. ஒன்றும் இறங்காமல் தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குச் சில வாரங்களிலேயே வைட்டமின் பி1 தீர்ந்து, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு குழம்பும். தாமதமில்லாமல் ஊசி வழியே அந்த வைட்டமினைச் செலுத்த வேண்டும். ஆகவே முதல் மறுபரிசோதனைக்குப் போகும்போது எடையைச் சொல்வதோடு நிறுத்தாமல், பசிக்கிறதா, எப்போது, எங்கே எரிகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மாத்திரையின் அளவும் அடுத்த கட்ட உணவுக்கான நாளும் அதைப் பொறுத்து மாறும்.