மலையேற்றமும் பிளக்கின் நிறமும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் ஏறுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அடிவாரச் சாலையை வெளியூரார் யாவரும் அறிவர். குப்பனூரிலிருந்து புறப்பட்டுக் கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டை அடையும் மற்றொரு சாலையை அறிந்தோர் அவ்வளவு பேர் இல்லை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் இவ்வழியில், மிளகு மூட்டையையோ உர மூட்டையையோ பின்னால் கட்டிக்கொண்டு முக்கி முனகி ஏறும் இருசக்கர வண்டிகளைக் காணலாம். அவற்றுள் ஒன்று பழுதுற்று நின்றால், மலைப் பட்டறையின் மெக்கானிக் முதலில் செய்வது ஒன்றே. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். அதன் பிறகே அவர் கை கார்புரேட்டரை நாடும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதற்கு ஒப்பான இந்தப் பழக்கத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளிப் புத்தகங்களில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. வானொலியிலேனும் கிடைக்கட்டும் என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவி. பெட்ரோலை நுண்துளை வழியே தூவிக் காற்றோடு கலக்கும் முறையை 1893ஆம் ஆண்டையொட்டி, ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும், ஜெர்மனியில் மைபாக் என்பவரும் தனித்தனியே கண்டனர். அக்கலவையைக் கொளுத்துவதற்கு உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் உருவாக்கியவர், ராபர்ட் போஷ் நிறுவனத்துப் பொறியாளராகிய ஹோனோல்டு. பிளக்கின் நடுக்கம்பியைச் சூழ்ந்து ஒரு பீங்கான் உறை இருக்கிறது. மின்சாரம் உலோக உடம்பில் பாயாதிருக்க வைத்த காப்பு அது. நெருப்பின் நடுவிலேயே நிற்பதால், உள்ளே நடப்பதையெல்லாம் தன்மேல் வாங்கி வைத்துக்கொள்கிறது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிவதற்கு எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுந்தால் எரியாத கரி பீங்கானில் படிந்து, அரிக்கேன் விளக்கின் சிம்னி போல் கறுக்கும். பெட்ரோல் குறைந்தால் சூடு மிகுந்து பீங்கான் சுண்ணாம்பு போல் வெளுக்கும். இரண்டுக்கும் இடையே பால் கலந்த காப்பியின் நிறம் அமைந்தால் கலவை சரியென்பது பட்டறை வழக்கு. பீங்கானின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் படிந்த கரி தானே எரிந்து நீங்கும். 850 பாகையைக் கடந்தால் பொறி எழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஆகவே எஞ்சினுக்குப் பொருந்தாத பிளக்கை மாட்டிவிட்டு நிறம் பார்ப்பவர் ஏமாறுவார். பழைய போஷ் முறையில் டபிள்யூ 175 போன்ற எண்களில் எண் கூடக்கூடப் பிளக்கு குளிர்ந்த வகை. பிற்பாடு வந்த சிறிய எண்களில் எண் கூடினால் சூடான வகை. இப்படித் தலைகீழாக மாற்றி வைத்தவர்களைப் பட்டறைக்காரர்கள் வாழ்த்தியிருக்கமாட்டார்கள்.

நிறம் பார்ப்பது எளிதென்று தோன்றும். உண்மையான வித்தை வண்டியை நிறுத்தும் முறையில் இருக்கிறது. மெதுவாக ஓடி வந்து, வாசலில் சற்று நேரம் ஐடிலிங்கில் விட்டு, அதன்பின் பிளக்கைக் கழற்றினால், ஐடிலிங்கில் படிந்த கரியே கண்ணுக்குத் தெரியும். ஏற்றத்தில் நடந்தது அதன் அடியில் மறைந்துவிடும். எனவே ஆக்ஸிலேட்டரை முழுதும் திருகிச் சிறிது தூரம் ஓட்டி, அந்நிலையிலேயே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, உருண்டு நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றவேண்டும். அப்போது தெரிவது மெயின் ஜெட் ஊட்டிய கலவையின் நிறம். பாதித் திருகலில் ஓட்டி அவ்வாறே நிறுத்தினால் ஊசியின் நிலை தெரியும். திருகாத நிலைக்குப் பொறுப்பு, ஐடிலிங்குக்கான சிறிய ஜெட்டும் காற்றுத் திருகும். பிடியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, எத்தனை பங்கு திருகினோம் என்று அளந்துகொள்வாரும் உண்டு. இதைவிட நேர்த்தியான சோதனை முறையை நான் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கற்பித்ததில்லை.

இனி மலைக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திற்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இவ்வேறுபாட்டால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 11 விழுக்காடு குறைகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. உறிஞ்சப்படும் காற்றின் வேகத்திற்கேற்பப் பெட்ரோலைத் தருவதே அதன் இயல்பாதலால், காற்று மெலிந்த அளவிற்குப் பெட்ரோல் மெலிவதில்லை. கலவை ஏறத்தாழ 6 விழுக்காடு கொழுத்துவிடுகிறது. சேலத்தில் காப்பி நிறங் காட்டிய பிளக்கு மலைமேல் கறுப்பது இதனால்தான். பாரமானியைக் கண்ணால் காணாத தொழிலாளி, மலைமேல் காற்று மெலிதென்பதைப் பீங்கானில் கண்டறிந்தார். “மேல வந்தா எல்லா வண்டிக்கும் பிளக்கு கறுக்கத்தானுங்க சார் செய்யும், ஊசிய ஒரு காடி இறக்கி விட்டாப் போதும்” என்று ஒருவர் என்னிடம் கூறினார். விமானங்களில் உயரத்திற்கேற்பக் கலவையை மெலிவிக்க ஓட்டுநரின் கைக்கருகே ஒரு பிடி உண்டு. அதன் வேலையைத்தான் அவர் ஊசியின் காடியில் செய்துகொண்டிருந்தார்.

இவ்வறிவு நம் நாட்டில் பரவியதற்குத் தமிழகத் தொழிற்சாலைகளே பெருங்காரணம். இங்கிலாந்திலுள்ள ரெட்டிச்சின் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து, 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தோன்றியது. 1962 அளவில் புல்லட்டின் உறுப்புகள் அனைத்தும் இந்தியாவிலேயே செய்யப்பெற்றன. பிளக்கு செய்த மைக்கோ நிறுவனம் 1951இல் தொடங்கியது. மைசூரில் ஜாவாவும், ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 வண்டியும் வந்தன. தோட்டத் துரைமார்களும் அதிகாரிகளும் மட்டும் ஏறிவந்த வாகனம் தோட்டத் தொழிலாளியின் குடிசை வாசலுக்கு வந்தது டிவிஎஸ் 50க்குப் பிறகுதான் என்பது என் கருத்து. அவருக்கு விளக்கப் புத்தகமோ, அளக்கும் கருவியோ கிடையாது. ஒரு பிளக் ஸ்பேனர், ஓர் உப்புத்தாள், ஒரு கண். அவ்வளவே.

இதில் உயிர்நிலையான செய்தி ஒன்று உண்டு. கறுத்த பிளக்கால் பெட்ரோல் வீணாகும், வண்டி இழுக்காது, அதற்குமேல் தீங்கில்லை. வெளுத்த பிளக்கு அப்படிப்பட்டதன்று. ஜாவாவும் டிவிஎஸ் 50உம் இரண்டடி எஞ்சின்கள். பெட்ரோலில் கலந்த எண்ணெயே அவற்றின் பிஸ்டனுக்கு மசகு. பெட்ரோலைக் குறைத்தால் சூடு ஏறுவதோடு எண்ணெயும் குறையும். மலைக்கென்று இறக்கிய ஊசியோடு சேலத்திற்கு இறங்குபவர், இறக்கத்தில் ஒன்றும் அறியமாட்டார். சமவெளியில் முழுவேகத்தில் நெடுந்தூரம் ஓட்டும்போதுதான் பிஸ்டன் ‘சீஸ்’ ஆகி, பின்சக்கரம் இறுகி, ஆளைக் கீழே தள்ளும். இதனாலேயே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மலை வண்டிக்கும் சற்றே கறுப்பு ஓடிய காப்பி நிறத்தை வைத்து அனுப்பினார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணியவர்களும் உண்டு.

நேயர்களே, நிறத்தின் பொருள் எக்காலத்தும் ஒன்றாயிருந்ததில்லை. 1921இல் அமெரிக்காவில் மிட்கிலி என்பவர், ஈயச் சேர்மம் ஒன்றைச் சேர்த்தால் பெட்ரோல் எஞ்சினில் இடிக்காமல் எரியும் என்று கண்டார். அதன்பின் பல பத்தாண்டுகள் உலகமே ஈயப் பெட்ரோலில் ஓடிற்று. பழைய மெக்கானிக்குகள் போற்றிய காப்பி நிறத்தில் அந்த ஈயப் படிவுக்கும் பங்கு உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளிலிருந்து இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே விற்கப்பட்டது. காற்றுக்கும் குழந்தைகளின் மூளைக்கும் அது பெரிய நன்மை. ஆனால் பிளக்கின் நிறம் வெளிறியது. படியவும் நெடுநேரம் பிடித்தது. ஒரு தலைமுறை கற்ற பாடம் ஓரிரவில் பழசாயிற்று. சரியாக ஓடும் வண்டியில் வெளிறிய பிளக்கைக் கண்டு மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியவர் பெட்ரோலைத்தான் வீணாக்கினார்.

பின்னர் எத்தனால் வந்தது. நாடு முழுதும் சராசரியாக 10 விழுக்காட்டுக் கலப்பு 2022இல் எட்டப்பட்டது. 20 விழுக்காட்டுக் கலப்பு 2023இல் விற்பனைக்கு வந்து, 2025க்குள் பரவலாயிற்று. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்றே போதும். எனவே மாற்றாத கார்புரேட்டரில் கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு மெலிகிறது. மேலே சொன்ன எண்ணை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். மலை கொழுக்க வைத்ததை எத்தனால் மெலிய வைக்கிறது. சுத்தப் பெட்ரோலுக்குச் சேலத்தில் செட்டிங் செய்த பழைய புல்லட் ஒன்று, இன்றைய பெட்ரோலோடு ஏற்காட்டில் கணக்குப்படி ஏறத்தாழச் சரியாக ஓடவேண்டும். அதே வண்டி சேலத்தில் வெளுத்த பிளக்கைக் காட்டும். முன்பு மலையேறும்போது ஊசியை இறக்கினார்கள்; இப்போது பழைய வண்டிக்குச் சமவெளியில் ஊசியை ஏற்றவேண்டியிருக்கிறது. இதைப் பிளக்கைக் கழற்றிப் பார்க்காத உரிமையாளருக்கு எப்படித் தெரியும்? பழைய இரண்டடி வண்டிகளை இன்னும் வைத்திருப்போர் இதை மனங்கொள்வார்களாக.

புதிய வண்டிகளில் இத்தொல்லை இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளால், இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய்ப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் வந்தது. புகைபோக்கியில் ஒரு சிறு உணர்கருவி, மீந்த ஆக்சிஜனை அளந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி உடனே கலவையைத் திருத்துகிறது. இவ்வுணர்கருவியை 1976இல் முதன்முதலில் கார்களில் பொருத்தத் தந்ததும் அதே போஷ் நிறுவனமே. பிளக்கைக் கொடுத்த கையே, பிளக்கைப் பார்க்கும் கண்ணுக்கு மாற்றையும் கொடுத்தது.

ஆயினும் பிளக்கைக் கழற்றுவது நின்றுவிடவில்லை. உலர்ந்த கருமை அருகிவிட்டது. எண்ணெய்ப் பசையோடு கூடிய கருமை மட்டும் பழைய பொருளையே இன்றும் தருகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் மேலேறுகிறது என்பதே அப்பொருள். வண்டியின் கணினி அதைச் சொல்வதில்லை. குப்பனூர் ஏற்றத்தில் நீலப் புகை விட்டபடி ஒரு வண்டி வந்து நின்றால், பிளக் ஸ்பேனரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.