படிப்போடு நாலு காசு: ஒரு சின்ன சரித்திரம்

மலர்க் குழுத் தம்பிகள் போன் போட்டு, "அண்ணே, இப்ப படிக்கிற பசங்களுக்கு உபயோகமா ஏதாவது எழுதுங்க. படிச்சுக்கிட்டே சைடுல சம்பாதிக்க என்ன வழின்னு எல்லாரும் கேக்குறாங்க" என்றார்கள். சரித்திரம் படித்தவனிடம் பிசினஸ் ஐடியா கேட்டால் சரித்திரம்தான் கிடைக்கும். ஆனாலும் இந்த விஷயத்தில் சரித்திரம் அவ்வளவு உபயோகமில்லாத சரக்கு அல்ல.

முதலில் ஒரு கூச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் படிக்கிற பிள்ளை வேலைக்குப் போகிறான் என்றால் அப்பாவுக்குத் தலைகுனிவு. "ஏன், வீட்ல சோறு போடலையா?" என்று கேட்பார்கள். அதனாலேயே எத்தனையோ பேர் பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுப்பதைக்கூட வீட்டுக்குத் தெரியாமல் எடுத்தார்கள். இந்தக் கூச்சம் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. பழைய கணக்கைப் புரட்டினால், சும்மா உட்கார்ந்து படித்தவர்கள்தான் குறைவு.

ஐசக் நியூட்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1661-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் அவர் சேர்ந்தது பணம் கட்டிப் படிக்கும் மாணவராக அல்ல. 'சைஸர்' என்று அங்கே ஒரு வகை உண்டு. வசதியுள்ளவர்களுக்கு எடுபிடி வேலை செய்து, சாப்பாடு பரிமாறி, அதற்குப் பதிலாகக் கட்டணச் சலுகை பெறுகிறவர்கள். அந்த வகையிலும் கீழ்ப்படியில்தான் அவர் நுழைந்தார். இத்தனைக்கும் அவருடைய அம்மாவுக்கு நில புலம் இருந்தது, கைதான் இறுக்கம். மகன் என்ன செய்தார் தெரியுமா? சக மாணவர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அந்தக் கணக்கு இன்றும் இருக்கிறது. ஹாஸ்டலில் வட்டிக்கு விடுங்கள் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்!

நம் பக்கம் வருவோம். கும்பகோணம், திருச்சி, திருநெல்வேலி போன்ற ஊர்களில் ஏழைப் பிராமணப் பையன்களுக்கு 'வாரச் சாப்பாடு' என்ற ஏற்பாடு இருந்தது. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. பதிலுக்கு அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சொல்வது, கடை கண்ணிக்குப் போவது எல்லாம் நடக்கும். சம்பளம் என்று பெயரில்லை, அவ்வளவுதான். அந்த இலையும் எல்லா ஜாதிக்கும் போடப்பட்டதல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு ஹாஸ்டல்களும் சர்க்கார் உதவியும் வரும்வரை, வெளியூர் போய்ப் படிப்பதற்கே வழி இல்லை.

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1871-ல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். அதற்கு முன்பே, சின்ன வயதிலேயே, கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணக் கடனும் தலையில் ஏறிவிட்டது. படிப்பு ஒரு பக்கம், கடன்காரர் ஒரு பக்கம். என்ன செய்வது? பெரம்பலூர்ப் பக்கத்தில் காரை என்ற ஊரில் உட்கார்ந்து திருவிளையாடற் புராணம் பிரசங்கம் செய்தார். அந்தக் காலத்தில் தமிழ் படித்த பையனுக்கு இருந்த 'பார்ட் டைம்' அதுதான். செய்யுளைப் படிப்பார், பொருள் சொல்வார், ஊரார் கேட்பார்கள், புராணம் முடிந்ததும் சன்மானம். ஆசிரியரைப் பிரிந்திருக்கிறோமே என்ற ஏக்கம் ஒரு பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு திரும்பிப் போனார். 1876-ல் பிள்ளையவர்கள் காலமாகும்வரை கூடவே இருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பாடத்தைப் படித்தாரோ அதையே கொண்டுதான் சம்பாதித்தார். ஏர் பிடிக்கிறவர்களுக்கும் கடை வைத்திருக்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி செய்யுளுக்குப் பொருள் சொல்லிப் பழகியவர், 1880-ல் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக வந்து நின்றபோது வகுப்பைக் கண்டு மிரண்டிருக்க மாட்டார் என்பது என் ஊகம். அங்கே சம்பளம் மாதம் 50 ரூபாய்.

இன்னொருவர் ராவ்பகதூர்களுக்கெல்லாம் ராவ்பகதூர்: சர் டி.முத்துசாமி ஐயர். சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி. சின்னப் பையனாக இருந்தபோது கிராமக் கணக்குப்பிள்ளைக்கு எடுபிடி. சம்பளம் மாதம் ஒரு ரூபாய். தெருவிளக்கில் படித்தார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னார்களே தவிர, இந்த ஒரு ரூபாயை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அதே கும்பகோணம் காலேஜில் பின்னாளில் சேர்ந்து, கணக்கைத் தவிர வேறு எதையும் கண்ணெடுத்துப் பார்க்காமல் ஸ்காலர்ஷிப்பைக் கோட்டை விட்டவர் சீனிவாச ராமானுஜன். அப்பா துணிக்கடைக் குமாஸ்தா. குடும்பம் தாக்குப்பிடிக்க அம்மா என்ன செய்தார் என்றால், வெளியூர்க் காலேஜ் பையன்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுப் பணம் வாங்கினார். ராமானுஜன் சிறுவனாக இருந்தபோது அந்தப் பையன்களைத் துளைத்துத் துளைத்துத்தான் கல்லூரிக் கணக்கையே தெரிந்துகொண்டார். அம்மாவின் சைடு பிசினஸ் மகனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று!

வளர்ந்த பிறகு ராமானுஜனும் டியூஷன் எடுத்துப் பார்த்தார், கும்பகோணத்திலும் சென்னையிலும். ஆனால் அவர் நல்ல டியூஷன் வாத்தியார் இல்லை. ஒரு கணக்குக்கு ஒரு வழி சொன்னால் பையனுக்குப் போதும். இவர் அடுத்த வழி, அதற்கடுத்த வழி என்று போய், பாடத்திட்டத்தைத் தாண்டி எங்கேயோ நின்றிருப்பார். பரீட்சைக்குப் போகிற பையனுக்கு அது எதற்கு? டியூஷன் நிலைக்கவில்லை. 1912 மார்ச்சில் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு குமாஸ்தா ஆனார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் வேறு வேலையே பார்க்காமல் கணக்குப் போட முடிந்தது. சுயமாகச் சம்பாதித்துப் படி என்று பையன்களுக்கு உபதேசம் செய்யும் நம்மைப் போன்ற பெரியவர்கள் இந்த 75 ரூபாயை மறந்துவிடக் கூடாது. சில பேருக்குத் தேவை சைடு வருமானம் அல்ல, நேரம்.

அப்துல் கலாம் கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானது. ஓடுகிற ரயிலிலிருந்து பேப்பர் கட்டுகளை வீசுவார்கள். அவருடைய உறவினர் ஷம்சுதீன்தான் ஏஜென்ட். கட்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க ஒரு கை தேவைப்பட்டது. அது சிறுவன் கலாம். அதற்கும் முன்பு, புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்தபோது பொறுக்கி விற்றதில் நாளைக்கு ஓரணா கிடைத்ததாம். ஆனால் சென்னை எம்.ஐ.டி.யில் சேர 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது புளியங்கொட்டை உதவுமா? அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நகையை மீட்க வேண்டுமானால் நன்றாகப் படித்து ஸ்காலர்ஷிப் வாங்குவதுதான் வழி என்று தீர்மானித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பெரியவர்கள் கதை போதும். நம் செட்டுக்கு வருகிறேன். எங்கள் காலத்தில் இருந்த தொழில்களை இன்றைய பிள்ளைகளுக்கு அகராதி போட்டுத்தான் விளக்க வேண்டும்.

டியூஷன் எப்போதும் உண்டு. அதற்கு அடுத்தது டைப்ரைட்டிங். லோயர், ஹையர் பாஸ் செய்தவன் சும்மா இருக்கவே முடியாது. ஜாப் டைப்பிங் என்று பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கினோம். கார்பன் வைத்து மூன்று காப்பி. தப்பு விழுந்தால் மூன்றிலும் ரப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். சைக்ளோஸ்டைல் எடுக்க ஸ்டென்சில் வெட்டுகிறவனுக்குக் கூலி கொஞ்சம் அதிகம், ஏனென்றால் அதில் தப்புக்கு இடமே இல்லை. ஒருவருடைய பி.எச்டி. ஆய்வேட்டை முழுக்க அடித்துக் கொடுத்த நண்பன், "அவருக்கு டாக்டர் பட்டம், எனக்கு முதுகுவலி" என்பான். கோத்ரெஜ் 1955-ல் டைப்ரைட்டர் செய்ய ஆரம்பித்தது, 2009-ல் நிறுத்தியது. அந்த ஐம்பத்து நாலு வருஷத்தில் எத்தனை பேருடைய செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சாவிகளில் அடித்தே கட்டப்பட்டதோ!

அச்சாபீஸில் புரூஃப் பார்ப்பது தமிழ் எம்.ஏ. பையன்களின் ஏகபோகம். கல்யாணப் பத்திரிகை சீசனில் நல்ல வரும்படி. மாப்பிள்ளை பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால் வந்த கூலியும் போச்சு. கை நன்றாக இருந்தவர்கள் போர்டு எழுதினார்கள், தேர்தல் வந்தால் சுவரில் சின்னம் வரைந்தார்கள். முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போனவர்கள் உண்டு. அவர்களுக்குக் கூலியோடு சாப்பாடும் கிடைக்கும். ஹாஸ்டல் பையனுக்கு அது போனஸ். இந்த ஒன்று மட்டும் இன்றும் மாறவில்லை. மண்டபத்தில் யூனிஃபார்ம் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சாம்பார் வாளியோடு வருகிற பையனைப் பார்த்தால், எந்தக் காலேஜ் தம்பி என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒரு காலேஜ் பெயர் வருகிறது.

பெண்களின் கணக்கு தனி. சாயங்காலம் வெளியே வேலைக்கு அனுப்ப வீட்டில் விட மாட்டார்கள். ஆகவே வேலை வீட்டுக்கு வந்தது. சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, பிளவுசுக்கு ஹெம்மிங், பூ கட்டிக் கொடுப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன். அதைச் சம்பாத்தியம் என்று அவர்களே சொல்லிக்கொள்ளவில்லை. "சும்மா பொழுது போகுது" என்பார்கள். அந்தச் 'சும்மா'வில் தம்பியின் பள்ளிக்கூட ஃபீஸ் அடங்கியிருந்ததை நான் அறிவேன்.

எண்பதுகளின் கடைசியில் எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவு கட்டணம் குறையும் என்பதால் கூட்டமே இரவில்தான்; பூத் முதலாளிக்கு விழித்திருக்க ஓர் ஆள் தேவை, காலேஜ் பையனுக்கு விளக்கு வெளிச்சமும் மேஜையும் தேவை. பொருத்தமான ஜோடி! பிறகு டி.டி.பி. சென்டர். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட சில வருஷத்தில் பிரௌசிங் சென்டர். செல்போன் வந்து இரண்டையும் விழுங்கிவிட்டது. ஒரு தொழிலும் இருபது வருஷம் முழுசாக நிற்கவில்லை. டைப்ரைட்டரை நம்பியிருந்தவர்களில் விரல் பழகியவன் டி.டி.பி.க்குத் தாவினான்; மெஷினை மட்டும் நம்பியவன் அதோடு நின்றான்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு. 2014-ல் பெங்களூரில் ஸ்விக்கி தொடங்கியபோது யாரும் இதை மாணவர் தொழில் என்று நினைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் பலர் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வண்டியில் கிளம்புகிறார்கள். இதில் ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கணக்குப் பார்த்துச் செய்யுங்கள். பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் உங்கள் கைக்காசு. கையில் வருவது முழுவதும் வருமானம் ஆகாது. மழையில் அவசரமாக ஓட்டி விழுந்தால் ஒரு செமஸ்டரே போய்விடும்.

இன்னும் கறாராக ஒன்று சொல்ல வேண்டும். "நாலு பேரைச் சேர்த்துவிடு, கமிஷன் வரும்" என்கிற சங்கிலிக் கூத்து எங்கள் காலத்திலும் இருந்தது. அதைத் தடுக்க 1978-லேயே சட்டம் வந்தது. இப்போது வேஷம் மாறியிருக்கிறது. டெலிகிராமில் ரேட்டிங் போட்டால் பணம் என்பான். முதலில் நூறு இருநூறு வரும். அப்புறம் நீங்கள் கட்ட வேண்டி வரும். அதைவிட மோசம், "உன் பேங்க் அக்கவுண்டை மட்டும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்பது. ஏமாற்றுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வருவது உங்களை. பணத்தை இழந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்ட் டைம் பார்த்தே ஃபீஸ் கட்டிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். வகுப்பு நடக்கும் காலத்தில் பிரிட்டனில் பெரும்பாலும் வாரம் 20 மணி நேரம்தான். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் விசாவுக்கே ஆபத்து.

சர்க்கார் தருவதை முதலில் கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் வந்தன. மாதம் 1,000 ரூபாய். தகுதி இருந்தும் விண்ணப்பம் போடாமலேயே டெலிவரி பையைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும். ஆபீஸ் ஜன்னலில் இரண்டு நாள் நிற்கச் சோம்பல்!

கடைசியாக, சங்கத்து நண்பர்களுக்கு. மகாராஷ்டிரத்தில் பாவுராவ் பாட்டீல் என்றொருவர், 1919-ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா தொடங்கியவர், 1947-ல் சதாராவில் கட்டிய கல்லூரியில் உழைத்துக்கொண்டே படிக்கும் ஏற்பாட்டை வைத்தார். கல்லூரியே வேலை கொடுத்தது. ஆகவே படிப்பும் வேலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளவில்லை. நம்மில் ஆடிட்டர் உண்டு, மருந்துக்கடைக்காரர் உண்டு, அச்சகம் நடத்துகிறவர் உண்டு, ஏற்றுமதி செய்கிறவர் உண்டு. ஆளுக்கொரு பிள்ளைக்கு வாரம் பத்து மணி நேர வேலை கொடுக்க முடியாதா? பரீட்சை மாதத்தில் லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கிற முதலாளியாக மட்டும் இருங்கள். சங்கச் செயலாளரிடம் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை கொடுக்கிறவர்கள் பெயரை அதில் எழுதலாம். முதல் வரியில் என் பெயர் இருக்கும். வீட்டில் முப்பது வருஷத்துப் பத்திரிகைக் கட்டுகள் கிடக்கின்றன. ஸ்கேன் செய்து, தேதி வாரியாக அட்டவணை போட ஓர் ஆள் வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் போதும். கூலியை மணிக்கணக்கில் பேசிக்கொள்வோம், காபி என் செலவு.