கோவா மாநிலமான கதை

கோடை விடுமுறைக்குக் கோவா போய்வரும் குடும்பங்கள் நம் குடியிருப்பில் நிறைய. அந்தச் சின்ன ஊர் நாட்டின் 25-ஆவது மாநிலமானது எப்படி என்று பார்ப்போமா?

1961 டிசம்பர் 19-இல் போர்த்துகீசிய ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டே அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தம் கோவா, டாமன், டையூ மூன்றையும் ஒரே யூனியன் பிரதேசமாக்கியது. 1963-இல் வந்த சட்டம் சட்டசபை தந்தது. புதுச்சேரிக்கும் அதே சட்டம்தான்.

மகாராஷ்டிரத்துடன் சேர்வதா, தனித்திருப்பதா என்ற கேள்விக்கு 1967 ஜனவரி 16-இல் கோவா மக்களே வாக்களித்தார்கள். முதல்வர் தயானந்த் பந்தோட்கர் இணைப்பை விரும்பியவர். ஆனாலும் வாக்கெடுப்பு நியாயமாக நடக்க வேண்டும் என்பதற்காக அவரது அமைச்சரவை முன்கூட்டியே பதவி விலகியது. இணைப்புக்குப் பூ சின்னம், தனித்திருக்க இரட்டை இலை. தனித்திருக்க 1,72,191 வாக்குகள், இணைப்புக்கு 1,38,170. வித்தியாசம் 34,021. அதாவது சுமார் 17,000 பேர் மாற்றிப் போட்டிருந்தால் கோவா என்றொரு மாநிலமே இருந்திருக்காது!

அன்று வாக்குச்சீட்டில் 'தனி மாநிலம்' என்ற விருப்பம் இல்லை. அதற்கு இன்னும் 20 ஆண்டுகள் பிடித்தன. 1987-இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. மாநிலச் சட்டசபைக்குக் குறைந்தது 60 உறுப்பினர் வேண்டும் என்பது பொது விதி. 56-ஆவது திருத்தம் கோவாவுக்கு மட்டும் அதை 30 ஆக்கியது. மறுசீரமைப்புச் சட்டம் 40 இடங்கள் தந்தது. டாமன், டையூவைத் தனி யூனியன் பிரதேசமாகப் பிரித்தது.

வங்கிக் கிளை ஒன்றை இரண்டாக்கும்போது எந்தக் கணக்கு எங்கே, எந்த ஊழியர் எங்கே, பாக்கிக் கடனுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால் மறுநாள் கவுண்டர் திறக்க முடியாது. மறுசீரமைப்புச் சட்டமும் அந்த வேலையைத்தான் செய்தது. சொத்து, கடன், ஊழியர் எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. பம்பாய் உயர் நீதிமன்றமே தொடர்ந்தது. நடப்பிலிருந்த சட்டங்களும் தொடர்ந்தன. போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டமும் அதில் அடக்கம். 1987 மே 30 அன்று கோவா மாநிலம் பிறந்தது.

ஒரே சட்டத்தில் சட்டசபை பெற்ற புதுச்சேரி இன்றும் யூனியன் பிரதேசம்தான். மாநில அந்தஸ்து கேட்டு அதன் சட்டசபை பலமுறை தீர்மானம் போட்டாகிவிட்டது. ஆனால் அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி புது மாநிலம் அமைக்கும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே. விண்ணப்பம் கிளையில் கொடுக்கலாம். அனுமதி தலைமை அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும்!