எந்த விவிலியம், யாருடைய விதி? கிறிஸ்தவ நம்பிக்கை பற்றிய அன்றாடக் கேள்விகளும் விடைகளும்

பெங்களூரு: வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் மெழுகுவர்த்தியுடன் வரிசையில் நிற்போர் அனைவரும் கிறிஸ்தவர்கள் அல்லர். சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8-ஆம் தேதி நடைபெறும் திருவிழாவிலும் பல சமயத்தினர் பங்கேற்கின்றனர். கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர் (சி.எஸ்.ஐ.), லுத்தரன்கள், பெந்தெகொஸ்தே சபையினர் ஆகியோர் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே குடும்பத்தில் வாழும் நகரம் இது. அதனால் கேள்விகளும் இயல்பாக எழுகின்றன.

அவற்றுள் பல வெறும் அறிவு ஆர்வத்தால் எழுபவை அல்ல. மகளின் திருமணப் பேச்சின்போதும், மருத்துவமனைப் படுக்கையின் அருகிலும், கல்லறைத் தோட்டத்தின் வாசலிலும் எழுபவை. விடை தேடுவோர் மூன்றைப் பிரித்தறிவது நல்லது: விவிலியம் கூறுவது ஒன்று, அந்தந்தத் திருச்சபை விதித்திருப்பது ஒன்று, நாட்டின் சட்டம் சொல்வது ஒன்று. இம்மூன்றும் கலந்துவிடும்போதே குழப்பம் மிகுகிறது.

கத்தோலிக்கருக்கும் மற்றவருக்கும் விவிலியம் வேறு வேறா?

பெரும்பகுதி ஒன்றே. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் வேறுபாடு இல்லை. பழைய ஏற்பாட்டில் சீர்திருத்தத் திருச்சபையினர் 39 நூல்களையும், கத்தோலிக்கர் 46 நூல்களையும் ஏற்கின்றனர். எனவே மொத்தம் முறையே 66, 73.

தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரு நூல்கள், சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு ஆகியவையே கூடுதலான ஏழு. எஸ்தர், தானியேல் நூல்களிலும் சில பகுதிகள் கூடுதலாக உள்ளன. இவை பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பில் இடம்பெற்றவை. எபிரேய நூல் தொகுப்பில் இல்லாதவை. மார்ட்டின் லூத்தர் 1534-இல் வெளியிட்ட ஜெர்மன் விவிலியத்தில் இவை தனிப் பகுதியாக வைக்கப்பட்டன. கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் இவற்றைத் திருநூல்கள் என உறுதிசெய்தது.

இந்த வேறுபாடு நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. நவம்பர் 2-ஆம் தேதி கத்தோலிக்கர் கல்லறைகளில் இறந்தோருக்காக மன்றாடுகின்றனர். அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டும் முக்கியப் பகுதி மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரம். அந்நூலைத் திருநூலாக ஏற்காத சபைகள், இறந்தோரை நினைவுகூர்ந்தாலும் அவர்களுக்காக மன்றாடுவதைப் பொதுவாகத் தவிர்க்கின்றன.

தமிழில் ஏன் இத்தனை சொற்கள்?

ஒருவர் ‘கர்த்தர்’ என்கிறார். மற்றவர் ‘ஆண்டவர்’ என்கிறார். வேதாகமம்–விவிலியம், ஞானஸ்நானம்–திருமுழுக்கு, லெந்து நாட்கள்–தவக்காலம், யாத்திராகமம்–விடுதலைப் பயணம் என இப்பட்டியல் நீளும். பொருள் ஒன்றே, மொழிபெயர்ப்பு மரபு வேறு.

தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714–15-இல் அங்கேயே அச்சானது. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. பின்னர் பப்ரிசியுஸ் தமது மொழிபெயர்ப்பில் கடவுளைப் ‘பராபரன்’ என்றார். ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் நிறைவுற்ற திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்ற சொல்லைக் கையாண்டது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே இல்லங்களில் இன்றும் பெரிதும் வாசிக்கப்படுவது அம்மரபில் வந்த வேதாகமமே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஆவணம், விவிலியம் எல்லா விசுவாசிகளின் கைக்கும் எட்ட வேண்டும் என வலியுறுத்தியது; பிற திருச்சபையினருடன் இணைந்து மொழிபெயர்ப்பதற்கும் வழிவிட்டது. இதன் விளைவாக, பெங்களூரு மகாத்மா காந்தி சாலையில் தலைமையகத்தைக் கொண்ட இந்திய வேதாகமச் சங்கமும், திண்டிவனத்தில் உள்ள கத்தோலிக்க விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நிலையமும் ஒத்துழைத்து, 1995-இல் ‘திருவிவிலியம்’ எனும் பொது மொழிபெயர்ப்பை வெளிக்கொணர்ந்தன. ஒரே வீட்டில் இரு சபையினர் வாழ்ந்தால் ஒப்பிட்டு வாசிக்க இது உதவும்.

பத்துக் கட்டளைகளின் வரிசை ஏன் மாறுகிறது?

மூல வாசகம் ஒன்றே. யாத்திராகமம் (விடுதலைப் பயணம்) 20, உபாகமம் (இணைச் சட்டம்) 5 ஆகிய அதிகாரங்களில் அது உள்ளது. ஆனால் அங்கே கட்டளைகளுக்கு எண் இடப்படவில்லை. கத்தோலிக்கரும் லுத்தரன்களும் உருவங்களைப் பற்றிய தடையை முதல் கட்டளையுடன் சேர்த்து எண்ணுகின்றனர். பிறர் உடைமையை இச்சிப்பது பற்றிய இறுதிப் பகுதியை இரண்டாகப் பிரிக்கின்றனர். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு மரபுகளில் உருவத் தடை இரண்டாம் கட்டளை. எனவே ‘ஒரு கட்டளையை நீக்கிவிட்டார்கள்’ என்று அவ்வப்போது பரப்பப்படும் குற்றச்சாட்டு சரியன்று.

கத்தோலிக்கர் மரியாளை வழிபடுகின்றனரா?

கத்தோலிக்கப் போதனையின்படி ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது. மரியாளுக்கும் புனிதர்களுக்கும் அளிக்கப்படுவது வணக்கம். அவர்களிடம் கேட்கப்படுவது பரிந்துரை. கி.பி. 787-இல் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் மரியாதை அவை குறிக்கும் நபரையே சேரும் என்று விளக்கியது.

சீர்திருத்தத் திருச்சபையினர் இயேசுவின் தாயாக மரியாளை மதிக்கின்றனர். எனினும் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே நடுவர் கிறிஸ்து ஒருவரே எனக் கூறும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தை (2:5) முன்வைத்து, புனிதர்களிடம் வேண்டுவதைத் தவிர்க்கின்றனர்.

மரியாளின் பிறந்த நாளோ பெற்றோரின் பெயரோ விவிலியத்தில் இல்லை. சுவக்கின், அன்னா என்னும் பெயர்கள் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, விவிலியத்தில் சேர்க்கப்படாத ஒரு நூலிலிருந்து வந்தவை. செப்டம்பர் 8 திருச்சபை மரபு தந்த நாள். வேளாங்கண்ணிக்கும் சிவாஜிநகருக்கும் நேர்ச்சையாகக் காவி உடுத்தி வருவதும் மக்கள் வழக்கமே. விவிலியமோ திருச்சபைச் சட்டமோ அதை விதிக்கவில்லை.

பிற சமயத்தவர் ஆலயத்துக்குச் செல்லலாமா? நற்கருணை பெறலாமா?

செல்லலாம், அமர்ந்து வேண்டலாம், மெழுகுவர்த்தி ஏற்றலாம். ஆனால் கத்தோலிக்கத் திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணை, கோயில் பிரசாதம்போல் வந்தோர் அனைவருக்கும் அளிக்கப்படுவதன்று. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே முதல் நற்கருணை பெற்ற கத்தோலிக்கரே பொதுவாக அதை உட்கொள்வர். மற்றவர்கள் அவ்வேளையில் இருக்கையிலேயே இருந்தால் போதும். அது அவமரியாதை ஆகாது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் திருவிருந்து பொதுவாகத் திருமுழுக்கும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கு உரியது.

குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கலாமா?

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் குழந்தைகளுக்கும் அளிக்கின்றன. முழுக் குடும்பங்களும் திருமுழுக்குப் பெற்றதாக அப்போஸ்தலர் பணிகள் நூலில் வரும் பகுதிகளை அவை சான்றாகக் கொள்கின்றன. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள், தானே நம்பி அறிக்கையிடுவோருக்கு மட்டும், முழுவதும் நீரில் அமிழ்த்தி அளிக்கின்றன. தந்தை, மகன், தூய ஆவி பெயரால் நீரைக் கொண்டு பிற சபையில் முறைப்படி அளிக்கப்பட்ட திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது, மீண்டும் அளிப்பதில்லை.

வேறு சமயத்தவரை மணந்தால் மதம் மாற வேண்டுமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் அவ்வாறு கட்டாயப்படுத்தவில்லை. மணமக்களுள் ஒருவர் கத்தோலிக்கரல்லாத கிறிஸ்தவர் எனில் ஆயரின் அனுமதி தேவை. திருமுழுக்குப் பெறாதவர் எனில் விதிவிலக்கு பெற வேண்டும். தம் நம்பிக்கையைக் காப்பதாகவும், பிள்ளைகளை அதில் வளர்க்க இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கர் வாக்களிக்க வேண்டும். அந்த வாக்குறுதி குறித்து மற்றவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். அதே வாக்குறுதி அவரிடம் கேட்கப்படுவதில்லை. பிற திருச்சபைகளின் நடைமுறை வேறுபடுவதால், நாள் குறிக்கும் முன்பே உரிய குருவிடமோ போதகரிடமோ கேட்டறிதல் நலம்.

சட்டப்படி, இருவரில் ஒருவர் கிறிஸ்தவராயினும் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம், 1872-இன் கீழ் மணம் நடைபெற இயலும். சமயச் சடங்கின்றிப் பதிவு செய்துகொள்ளச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954 உள்ளது.

திருச்சபைத் தீர்ப்பாயம் ‘மணம் செல்லாது’ என்றால் போதுமா?

போதாது. மணமுறிவைப் பற்றிய இயேசுவின் கடுமையான சொற்கள் மாற்கு 10-ஆம் அதிகாரத்திலும் மத்தேயு 19-ஆம் அதிகாரத்திலும் உள்ளன. மத்தேயுவில் ஒரு விதிவிலக்கும் குறிப்பிடப்படுகிறது. அதை எவ்வாறு புரிந்துகொள்வது என்பதில் திருச்சபைகள் வேறுபடுகின்றன. முறைப்படி நிறைவுற்ற திருமணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை முறிப்பதில்லை. தொடக்கத்திலேயே மணம் செல்லத்தக்கதாக இருந்ததா என்பதை மட்டும் அதன் தீர்ப்பாயம் ஆராய்கிறது.

அத்தீர்ப்பு திருச்சபைக்குள் மட்டுமே பொருந்தும். கர்நாடகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் கிளாரன்ஸ் பயஸ் தொடுத்த பொதுநல வழக்கில், திருச்சபைத் தீர்ப்பாயம் வழங்கும் ஆணை நாட்டின் சட்டத்துக்கு மேற்பட்டதாகாது என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தெளிவுபடுத்தியது. நீதிமன்றத்தில் மணமுறிவு பெறாமல் மறுமணம் செய்வோர் சட்டச் சிக்கலுக்கு உள்ளாக நேரிடும். கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டம் 1869-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இருவரும் இசைந்து பிரியும் வழி 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது.

நோய்க்கு மருந்தா, மன்றாட்டா?

விவிலியம் இரண்டையும் எதிரெதிராக நிறுத்தவில்லை. நோயுற்றவர் மூப்பர்களை அழைத்து, எண்ணெய் பூசி மன்றாடச் செய்யுமாறு யாக்கோபின் திருமுகம் (5:14) கூறுகிறது. கத்தோலிக்கரின் ‘நோயில்பூசுதல்’ அருளடையாளம் இதன் அடிப்படையில் அமைந்தது. அது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. மறுபுறம், கொலோசையருக்கு எழுதிய திருமுகம் (4:14) லூக்காவை மருத்துவர் எனக் குறிப்பிடுகிறது. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம், மருத்துவரை மதிக்கவும் மருந்தைப் புறக்கணியாதிருக்கவும் அறிவுறுத்துகிறது.

பெங்களூரில் 1886-இல் புனித மார்த்தா மருத்துவமனை, 1963-இல் புனித ஜான் மருத்துவக் கல்லூரி, 1973-இல் பாப்டிஸ்ட் மருத்துவமனை எனத் திருச்சபைகளே மருத்துவ நிறுவனங்களைத் தொடங்கியது இப்புரிதலின் வெளிப்பாடே. மாய முறைகளால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. மன்றாட்டை நம்பி மாத்திரையை நிறுத்துவது அந்த நோயாளியின் உயிரோடு தொடர்புடையது என்பதால், மருத்துவரைக் கேளாமல் அம்முடிவை எடுத்தலாகாது.

தசமபாகம் கட்டாயமா?

பத்தில் ஒரு பங்கு பழைய ஏற்பாட்டுச் சட்டம். பெந்தெகொஸ்தே சபைகள் பலவும் மல்கியா (மலாக்கி) 3-ஆம் அதிகாரத்தைக் காட்டி இதை இன்றும் வலியுறுத்துகின்றன. கத்தோலிக்கச் சட்டம் விழுக்காடு எதையும் வரையறுக்கவில்லை. இயன்ற அளவில் திருச்சபையின் தேவைக்கு உதவுமாறு மட்டும் கேட்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் (9:7) மனவருத்தமோ கட்டாயமோ இன்றி ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்து கொடுக்க வேண்டும் என்கிறது.

குறைவாகப் பேசப்படும் பகுதி ஒன்றும் உண்டு. உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின்படி, மூன்றாம் ஆண்டின் பத்திலொரு பங்கு லேவியருடன் அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள் ஆகியோரின் பசி தீர்க்கவும் ஒதுக்கப்பட்டது.

உடலை எரியூட்டலாமா?

எரியூட்டலை விவிலியம் வெளிப்படையாகத் தடை செய்யவில்லை. அடக்கமே பெருவழக்கு, எனினும் சவுல் மன்னரின் உடல் எரிக்கப்பட்டு, எலும்புகள் அடக்கம் செய்யப்பட்டதாக சாமுவேல் முதல் நூல் 31-ஆம் அதிகாரம் கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் எரியூட்டலை அனுமதித்தது. ஆனால் அடக்கத்தையே இன்றும் பரிந்துரைக்கிறது. சாம்பலைத் தூவுவதோ வீட்டில் வைத்திருப்பதோ கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என 2016-இல் வத்திக்கான் அறிவுறுத்தியது.

கல்லறைகளில் இடநெருக்கடி மிகுந்த பெங்களூரில் இது பல குடும்பங்கள் எதிர்கொள்ளும் முடிவு. துயர நேரத்தில் உறவினரிடையே வாக்குவாதம் எழாதிருக்க, விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, பங்குக் குருவிடமோ போதகரிடமோ தெரிவித்து வைக்கலாம்.

ஈஸ்டர் தேதி ஏன் ஆண்டுதோறும் மாறுகிறது?

மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே ஈஸ்டர். 2026-இல் அது ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28. அதற்கு முன் வரும் தவக்காலத்தின் 40 நாட்களில் ஞாயிறுகள் சேர்வதில்லை. கத்தோலிக்கருக்குத் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 முதல் 59 வயது வரையுள்ளோருக்கு இது பொருந்தும். நோயுற்றோருக்கு விலக்கு உண்டு. பிற சபைகளில் நோன்பு பெரும்பாலும் தனிநபர் விருப்பம்.

யாரிடம் கேட்பது?

வழிபாடு, அருளடையாளங்கள் குறித்து அந்தந்தப் பங்குக் குருவையோ போதகரையோ அணுகலாம். திருமணப் பதிவு, மணமுறிவு, சொத்து ஆகியவற்றுக்கு வழக்கறிஞரே உரியவர், நோய்க்கு மருத்துவர். ‘விவிலியத்தில் இருக்கிறது’ என்று எவரேனும் கூறினால், நூலின் பெயரையும் அதிகாரத்தையும் கேட்டுப் பெற்று, அப்பகுதியை முன்பின் வரிகளுடன் வாசித்துப் பார்ப்பதே முதற்படி.