1919 அரச பொது மன்னிப்பு

பிரிட்டிஷ் பேரரசர் ஐந்தாம் ஜார்ஜ் 1919 டிசம்பர் 23 அன்று வெளியிட்ட பிரகடனத்தின்படி இந்திய அரசியல் கைதிகளுக்கு அளிக்கப்பட்ட விடுதலை. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தங்கள் சட்டமான அதே நாளில் இது வெளியாயிற்று. ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து எட்டு மாதமே ஆகியிருந்தது. கொதித்துப் போயிருந்த நாட்டைப் புதிய சட்டத்தின் பக்கம் திருப்புவதே அரசின் நோக்கம்.

யாரை விடுவது என்ற முடிவு வைஸ்ராய் செம்ஸ்போர்டிடம் விடப்பட்டது. பொதுப் பாதுகாப்புக்குக் கேடு வராத அளவில் என்ற நிபந்தனை பிரகடனத்திலேயே இருந்தது. பின்னர் எழுந்த பாகுபாடுகளுக்கெல்லாம் அந்த நிபந்தனையே இடம் கொடுத்தது.

அன்றைய சிறைகளில் இருந்த ‘ராஜீயக் கைதிகள்’, அதாவது அரசியல் கைதிகள், ஒரே வகையினர் அல்லர். 1818 ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதிப்படி விசாரணையின்றி அடைக்கப்பட்டோர் ஒரு வகை. 1915 இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓரிடத்தில் காவலில் வைக்கப்பட்டோர் இன்னொரு வகை. தண்டனைச் சட்டத்தின் 124-அ பிரிவின்படி ராஜத்துரோகத்துக்காகவும், 121, 121-அ பிரிவுகளின்படி பேரரசருக்கு எதிரான போர், சதி ஆகியவற்றுக்காகவும் தண்டனை பெற்றோர் உண்டு. இவர்களோடு 1919-ல் பஞ்சாப் ராணுவச் சட்ட நீதிமன்றங்கள் தண்டித்தவர்களும் சேர்ந்தனர். முன்னர் ராஜத்துரோகத்துக்காகத் தண்டனை பெற்ற வ.உ.சிதம்பரனாரையும் இப்பிரகடனத்தோடு சேர்த்துப் பேசுவது பிழை. அவர் 1912 டிசம்பரிலேயே வெளிவந்துவிட்டார்.

பலன் முதலில் பஞ்சாபிலேயே தெரிந்தது. அங்கு ராணுவச் சட்டத்தின் கீழ் ஆயுள் தண்டனை பெற்றிருந்த தலைவர்கள் கிச்லு, சத்தியபால், ஹர்கிஷன் லால் ஆகியோர் விடுதலையாயினர். இவர்களில் ஹர்கிஷன் லால் 1921-ல் அதே மாகாணத்தில் அமைச்சரானார். பேதூல் சிறையிலிருந்து வெளிவந்த முகமது அலி, சௌகத் அலி சகோதரர்கள் நேரே மோதிலால் நேரு தலைமையில் கூடிய அமிர்தசரஸ் காங்கிரசுக்குச் சென்றனர்.

அந்தமானில் தீவாந்தர சிட்சை (நாடு கடத்தல் தண்டனை) அனுபவித்தோரில் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கின் பாரீந்திர குமார் கோஷ், உபேந்திரநாத் பானர்ஜி, ஹேமச்சந்திர தாஸ் ஆகியோர் 1920-ல் விடுவிக்கப்பட்டனர். அதே வழக்கின் உல்லாஸ்கர் தத்தர் அந்தமான் செல்லுலர் சிறையின் கொடுமையில் மனம் பேதலித்து, சென்னை மனநோய் விடுதிக்கு மாற்றப்பட்டிருந்தவர். அவருக்கும் அந்த ஆண்டே விடுதலை கிடைத்தது. பாரீந்திரர் பின்னர் புதுச்சேரியில் தம் அண்ணன் அரவிந்தரோடு சில ஆண்டுகள் தங்கினார். அந்தமானிலிருந்து மீண்டவர்கள் சிறை நினைவுகளை எழுதி வைத்தனர். அதனால் இந்த வரலாற்றின் அந்தமான் பகுதி விரிவாகத் தெரிகிறது. பஞ்சாபில் பிடிபட்ட எளிய மக்கள் அப்படி எழுதி வைக்கவில்லை.

அந்தமானிலேயே இருந்த சாவர்க்கர் சகோதரர்களுக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. 1920 மார்ச்சில் விநாயக தாமோதர சாவர்க்கர் அனுப்பிய மனு பலிக்கவில்லை. இருவரும் 1921-ல் இந்தியப் பெருநிலப்பரப்பிலுள்ள சிறைகளுக்கு மாற்றப்பட்டனர். விநாயகர் 1924 ஜனவரியில், ரத்னகிரி மாவட்டத்தைவிட்டு வெளியேறக் கூடாது, அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு விடுதலையானார். புரட்சி அமைப்பான கதர் கட்சியின் தலைவர் சோகன் சிங் பக்னாவும் 1930 வரை சிறையில் இருந்தார்.

விடுதலை பெற்ற எல்லோருக்கும் அது நிலைக்கவில்லை; அலி சகோதரர்கள் கராச்சியில் நடந்த வழக்கில் 1921-ல் மீண்டும் சிறை சென்றனர்.

இன்றைய இந்தியாவில் மன்னிப்பு வழங்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 72, 161 ஆம் பிரிவுகளில் உள்ளது. அரசியல் கைதி என்ற தனி வகை அவற்றில் இல்லை.