தறியோ, லேப்டாப்போ... முதுகுவலிக்கு பிலாட்டீஸ் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க!

காஞ்சிபுரத்துல குழித்தறியில் பட்டு நெய்யுறவங்களைப் பார்த்திருக்கீங்களா? கால் பள்ளத்துக்குள்ள மிதியை மிதிக்கும், கை நாடாவை ஓட்டும், கண்ணு பாவுலயே இருக்கும். உடம்பு மணிக்கணக்கா முன்னால குனிஞ்சே இருக்கும். லேப்டாப் முன்னாடி உட்காருற நம்ம கதையும் கிட்டத்தட்ட இதேதான். இடுப்பும் முதுகும் வலிக்க ஆரம்பிச்சதும் பலர் தேடுறது, பிலாட்டீஸ்.

எங்கிருந்து வந்தது?

1883-ல் ஜெர்மனியில் பிறந்தவர் ஜோசப் பிலாட்டீஸ். முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே தன் பயிற்சிகளை வளர்த்தெடுத்தவர், பின்னர் நியூயார்க்கில் ஸ்டூடியோ தொடங்கினார். அவர் வெச்ச பேர் 'கன்ட்ராலஜி'. மூச்சைக் கவனிச்சு, வயிறு, இடுப்பு, முதுகைத் தாங்குற உள்தசைகளை மெதுவா, கட்டுப்பாட்டோட இயக்குறதுதான் இதன் அடிப்படை.

பேரை மட்டும் நம்பாதீங்க

'பிலாட்டீஸ்' என்பது பொதுவான சொல், தனியாருக்குச் சொந்தமான டிரேட்மார்க் இல்லைனு 2000-ல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால போர்டுல அந்தப் பேர் இருக்குறது மட்டுமே தகுதிக்கு அத்தாட்சி ஆகாது. சும்மா ஃபிட்னஸுக்குன்னா நல்ல டிரெய்னர் போதும். வலி, அடிபட்டது, ஆபரேஷன், பிரசவம்னு ஏதாவது இருந்தா பிசியோதெரபிஸ்ட்தான் சரி.

ஏன்? எல்லா அசைவும் எல்லாருக்கும் ஆகாது. எலும்புத் தேய்மானம் இருக்குறவங்க முதுகை ரொம்ப வளைச்சு எழுந்தா எலும்பு முறியும் ஆபத்து இருக்கு. பிரசவமானவங்களுக்கு வயித்துத் தசை விலகியிருக்கான்னு முதல்ல பார்க்கணும்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இருக்கு, ஆனா மேஜிக் இல்லை. 2015-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, கீழ்முதுகு வலிக்கு எதுவுமே செய்யாம இருக்குறதைவிட பிலாட்டீஸ் நல்லது. மத்த உடற்பயிற்சிகளைவிட உசத்தின்னு உறுதியான ஆதாரம் இல்லை. அதனால ஸ்பிரிங் வெச்ச 'ரிஃபார்மர்' மெஷினுக்குக் கடன் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். தரையில ஒரு பாய் போதும்!

ஈஸியா ஒண்ணு

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. மூச்சை விட்டுக்கிட்டே கீழ்முதுகைத் தரையில மெதுவா அழுத்துங்க. 5 நொடி வெச்சிருந்து விடுங்க. 8 முதல் 10 முறை செய்யலாம். வலி கூடினா உடனே நிறுத்திடுங்க.

உஷார்!

கால் மரத்துப்போறது, கால் பலவீனம், சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாம போறது, வலியோட காய்ச்சல்... இதெல்லாம் இருந்தா கிளாஸ் வேண்டாம், உடனே டாக்டரைப் பாருங்க.

வீட்டுல படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

சேருறதுக்கு முன்னாடி 3 கேள்வி

* பிசியோதெரபி பட்டம் படிச்சிருக்கீங்களா?
* முதல் நாளே என் உடம்பைப் பரிசோதிப்பீங்களா?
* ஒரே நேரத்துல எத்தனை பேருக்குச் சொல்லித் தருவீங்க?

நேரடியா பதில் வந்தா, தாராளமா பாயை விரிங்க!